இறுகிப்போன டேஷ்போர்டு மெத்தை

பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைப் புதுப்பிக்கும் கலையில் எஞ்சின், உடற்கூடு, வண்ணப்பூச்சு ஆகிய மூன்றுக்கும் உறுதியான வழிமுறைகள் நெடுங்காலமாக உருவாகியிருக்கின்றன. துருவேறிய தகட்டை வெட்டியெடுத்துப் புதுத் தகட்டைப் பற்றவைக்கலாம். தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து, அளவு பெருத்த பிஸ்டனைப் பொருத்தலாம். உரிந்த வண்ணத்தைச் சுரண்டிவிட்டு மீண்டும் பூசலாம். ஆனால் ஓட்டுநரின் கண்ணெதிரிலேயே இருக்கும் டேஷ்போர்டு மெத்தை, அதாவது எஃகுச் சட்டத்தின் மேல் நுரையும் அந்த நுரையின் மேல் வினைல் தோலும் படிந்த அந்த மூவடுக்கு அமைப்பு, இவ்வகை வழிமுறைகளுக்கு எளிதில் வசப்படுவதில்லை. உலோகம் பெரும்பாலும் வெளியிலிருந்து அரிக்கப்படுகிறது. இந்த மெத்தையோ தன் உள்ளிருப்பை மெல்ல மெல்ல இழந்தே பழுதாகிறது. கண்ணுக்குத் தெரியும் விரிசல் அந்த இழப்பின் கடைசிக் கட்டம் என்பதை உணராமல் விரிசலை மட்டும் நிரப்புவோரின் உழைப்பு, பெரும்பாலும் சில கோடைகளுக்குள் வீணாகிவிடுகிறது.

இதை விளக்குவதற்கு டாட்சன் 240-இசட் மிகப் பொருத்தமான எடுத்துக்காட்டாகும். ஜப்பானின் நிசான் நிறுவனம் 1969ஆம் ஆண்டு அக்டோபரில் அறிமுகப்படுத்தி, அமெரிக்காவில் 1970ஆம் ஆண்டின் மாடலாக 3,526 டாலர் விலையில் விற்ற இந்த இரட்டை இருக்கைக் கார், 2.4 லிட்டர் கொள்ளளவும் ஆறு சிலிண்டர்களும் கொண்ட எஞ்சினையும், நீண்ட முன்மூடியையும், ஓட்டுநருக்கு முன்னால் இரண்டு பெரிய மீட்டர்களும் நடுவில் ஆழமான குழல்களுக்குள் பதிந்த மூன்று சிறிய மீட்டர்களும் கொண்ட டேஷ்போர்டையும் உடையது. அந்த டேஷ்போர்டின் தோல் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஒரே துண்டாக வார்க்கப்பட்டது. விரிசல் விழாத பழைய டேஷ்போர்டு இன்று அரிதாகக் கிடைக்கும் பொருளாகிவிட்டதால், அதன் பழுதுபார்ப்பு இக்காரைப் போற்றுவோரிடையே தனியொரு கைத்தொழிலாகவே வளர்ந்துள்ளது.

மெத்தை வந்த வரலாறு

மோட்டார் வாகனத்தின் முதல் சில பத்தாண்டுகளில் டேஷ்போர்டு என்பது மரப்பலகையாகவோ வெறும் எஃகுத் தகடாகவோ இருந்தது. டெட்ராய்ட் நகரில் முகச் சீரமைப்பு அறுவை மருத்துவராக விளங்கிய கிளேர் ஸ்ட்ரெய்த், முன்னிருக்கைப் பயணிகளின் முகங்கள் அத்தகட்டிலும் அதில் துருத்தி நின்ற குமிழ்களிலும் மோதிச் சிதைவதைத் தொடர்ந்து கண்டு, குமிழ்களை உள்ளடக்கவும் தகட்டுக்கு மெத்தையிடவும் வேண்டுமென 1930களில் கார் நிறுவனங்களை வலியுறுத்தினார். 1948ஆம் ஆண்டின் டக்கர் காரில் மெத்தையிட்ட டேஷ்போர்டு இடம்பெற்றது. 1956ஆம் ஆண்டில் ஃபோர்டு நிறுவனம் தன் பாதுகாப்புத் தொகுப்பில், விரும்புவோர் கூடுதல் விலை கொடுத்துப் பெறும் வசதியாக அதை வழங்கியது.

விருப்பமாக இருந்தது கட்டாயமாக மாறியதற்கு அரசியலே காரணம். ரால்ஃப் நேடர் 1965ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் கார்களின் பாதுகாப்புக் குறைகளைப் பொதுமக்கள் முன் வைக்க, அடுத்த ஆண்டு செப்டம்பரில் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் வாகனப் பாதுகாப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அச்சட்டத்தின்கீழ் பிறந்த 201ஆம் எண் பாதுகாப்புத் தரவிதி, காருக்குள் இருப்போர் உட்புறப் பரப்புகளில் மோதுவதைப் பற்றியது. 1968 ஜனவரி 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. 6.8 கிலோகிராம் எடையும் 165 மில்லிமீட்டர் விட்டமும் உள்ள தலை வடிவ உருண்டையை மணிக்கு 24 கிலோமீட்டர் வேகத்தில் டேஷ்போர்டில் மோதவிட்டால், அதன் எதிர்முடுக்கம், அதாவது வேகம் குறையும் வீதம், புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் 80 மடங்குக்கு மேல் தொடர்ச்சியாக 3 மில்லிநொடிகளைத் தாண்டி நீடிக்கக் கூடாது என்பதே அவ்விதியின் சாரம்.

இந்த விதியின் தாக்கம் பிரிட்டனின் எம்ஜிபி காரில் வெளிப்படையாகத் தெரிகிறது. உள்நாட்டில் விற்கப்பட்ட எம்ஜிபி, சுருக்கக் கறுப்பு வண்ணம் பூசிய பழைய உலோக டேஷ்போர்டைத் தக்கவைத்துக்கொள்ள, அமெரிக்காவுக்குச் சென்ற அதே கார் 1968ஆம் ஆண்டின் மாடலிலிருந்து, கையுறைப் பெட்டியைக்கூட விழுங்கிவிட்ட பருத்த மெத்தையோடு புறப்பட்டது. கார் தயாரான ஊரின் பெயரால் ஆர்வலர்கள் அதை அபிங்டன் தலையணை என்று அழைத்தார்கள். 240-இசட் இத்தகைய இடைச்செருகல் இல்லாமல், விதி நடைமுறைக்கு வந்தபின் அமெரிக்கச் சந்தைக்கு வந்த காராகும். எனவே அதன் மெத்தை காரின் தோற்றத்தோடு ஒருங்கே அமைந்தது. அதனாலேயே அதை அழகுக்கான உறை என்று எண்ணிவிட வாய்ப்புண்டு. உண்மையில் அது தலையைக் காக்கும் கருவி.

தலைக்கும் எஃகுக்கும் இடையே உள்ள தூரம்

மணிக்கு 24 கிலோமீட்டர் என்பது நொடிக்கு ஏறத்தாழ 6.7 மீட்டர். அந்த வேகத்தில் செல்லும் ஒரு பொருள் சீரான எதிர்முடுக்கத்தோடு நிற்பதாகக் கொண்டால், வேகத்தின் இருமடியை நிற்கும் தூரத்தின் இரு மடங்கால் வகுத்துக் கிடைப்பதே அந்த எதிர்முடுக்கத்தின் அளவு. வெறும் எஃகுத் தகட்டில் மோதும் தலை 3 மில்லிமீட்டரில் நிற்க நேர்ந்தால், எதிர்முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் 750 மடங்கைத் தாண்டும். அதே தலை 28 மில்லிமீட்டர் நகர்ந்து நின்றால் அது ஏறத்தாழ 80 மடங்காகக் குறையும். விதியின் எண் எவ்வளவு தூரத்தைக் கோருகிறது என்பது இக்கணக்கில் தெளிவாகிறது.

அந்தத் தூரத்தைக் கொடுப்பதற்கு ஏதேனும் ஒரு மென்மையான பொருள் போதுமானது அன்று. மிக மென்மையான பஞ்சு எதிர்ப்பே காட்டாமல் அமுங்கி, தலையை எஃகின்மேல் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். மிகக் கடினமான பொருள் அமுங்கவே மறுக்கும். நல்ல மோதல் நுரையை அழுத்தும்போது, தொடக்கத்தில் எதிர்விசை விரைந்து உயர்கிறது. பிறகு நுண்ணறைகளின் சுவர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வளைந்து மடியத் தொடங்க, விசை ஏறாமலும் குறையாமலும் ஒரே மட்டத்தில் நெடுந்தொலைவு நீடிக்கிறது. இறுதியில் அறைகள் எல்லாம் மூடிக்கொண்டபின் விசை செங்குத்தாக ஏறுகிறது. நடுவிலுள்ள அந்தச் சமதளப் பகுதியில்தான் மோதலின் இயக்க ஆற்றல் பெரும்பாலும் உறிஞ்சப்படுகிறது. நுரை முழுத் தடிமனுக்கும் அமுங்க முடியாதாகையால், தேவையான 28 மில்லிமீட்டரை நுரை மட்டுமே தரவேண்டியதில்லை. அடியிலுள்ள மெல்லிய எஃகுச் சட்டமும் வளைந்து கொடுத்து அதில் பங்கேற்கிறது. பழுதுபார்ப்பவர் சட்டத்தை வலுப்படுத்துவதாக எண்ணித் தடித்த பட்டைகளை அடியில் பற்றவைத்தால், அந்தப் பங்கைப் பறித்துவிடுகிறார்.

நுண்ணறைப் பொருள்களைப் பற்றி லோர்னா கிப்சனும் மைக்கேல் ஆஷ்பியும் வகுத்த கோட்பாட்டின்படி, திறந்த அறைகள் கொண்ட நுரையின் விறைப்பு அதன் அடர்த்தியின் இருமடிக்கு நேர்விகிதத்தில் அமைகிறது. ஆகவே பள்ளமான இடத்தை நிரப்ப, பழைய நுரையைவிட இரு மடங்கு அடர்த்தியுள்ள நுரையை ஊற்றினால், அவ்விடம் நான்கு மடங்கு விறைப்படைகிறது. மேற்பரப்பு சமமாகி, தோற்றம் முழுமையடைந்த நிலையிலும், அதன் வேலையைப் பொறுத்தவரை அது வேறொரு பொருளாகிவிடுகிறது.

வினைலின் நெகிழ்வும் அதன் கசிவும்

டேஷ்போர்டின் தோல் பிவிசி என்று பரவலாக அழைக்கப்படும் பாலிவினைல் குளோரைடால் ஆனது. சிறு மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் கோத்து உருவான நீண்ட சங்கிலிக்குப் பாலிமர் என்று பெயர். பிவிசிச் சங்கிலியின் எடையில் ஏறத்தாழ 57 விழுக்காடு குளோரின். அருகருகே கிடக்கும் சங்கிலிகளை இந்தக் குளோரின் அணுக்கள் மின்கவர்ச்சியால் இறுக்கிப் பிடித்துக்கொள்வதால், தூய பிவிசி அறை வெப்பநிலையில் தண்ணீர்க் குழாயின் விறைப்போடு இருக்கிறது. ஒரு பாலிமர் விறைத்த நிலையிலிருந்து நெகிழ்ந்த நிலைக்கு மாறும் வெப்பநிலையைக் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை என்பர். தூய பிவிசிக்கு அது ஏறத்தாழ 80 டிகிரி செல்சியஸ்.

அமெரிக்காவின் குட்ரிச் நிறுவனத்தில் பணியாற்றிய வால்டோ செமான், ரப்பரை உலோகத்தோடு ஒட்டவைக்கும் பசையைத் தேடிக்கொண்டிருந்தபோது, 1926ஆம் ஆண்டில் பிவிசியை உயர் கொதிநிலை கொண்ட கரைப்பான்களில் சூடாக்கி, அது குளிர்ந்தபின் ரப்பரைப்போல் நெகிழ்வதைக் கண்டார். கரைப்பானின் மூலக்கூறுகள் சங்கிலிகளுக்கு இடையே புகுந்து, அவை ஒன்றையொன்று இறுகப் பற்றாமல் விலக்கிவைப்பதே இதற்குக் காரணம். இவ்வாறு சேர்க்கப்படும் பொருளை நெகிழ்வூட்டி என்று குறிப்பிடலாம். டேஷ்போர்டுத் தோலின் எடையில் கணிசமான பங்கு, தாலேட்டு வகையைச் சேர்ந்த இத்தகைய எண்ணெய்ப்பசையுள்ள நெகிழ்வூட்டியே. அது கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலையை அறை வெப்பநிலைக்குக் கீழே இறக்குகிறது.

இந்த ஏற்பாட்டின் பலவீனம் அதன் தன்மையிலேயே இருக்கிறது. நெகிழ்வூட்டி சங்கிலியோடு வேதிப்பிணைப்பால் கட்டப்பட்டதன்று. இடைவெளியில் தங்கியிருப்பது மட்டுமே. ஆதலால் அது மேற்பரப்பை நோக்கி மெல்ல நகர்ந்து காற்றில் ஆவியாகிறது. கீழே உள்ள நுரைக்குள்ளும் ஊர்ந்து செல்கிறது. வெயிலில் நின்ற காரின் முன்கண்ணாடியின் உட்புறத்தில் படியும் எண்ணெய்ப்பசை போன்ற மங்கல் படலத்தில், இவ்வாறு டேஷ்போர்டிலிருந்து வெளியேறிய பொருளும் அடங்கியிருக்கிறது. நெகிழ்வூட்டி குறையக் குறைய நிலைமாற்ற வெப்பநிலை மீண்டும் மேலேறி, ஒரு காலத்தில் கையால் அழுத்தினால் குழிந்த தோல், குளிர்ந்த காலையில் ஓடுபோல் விறைக்கிறது. வெளியேறிய பொருளின் பருமனுக்கு ஏற்ப அது சுருங்கவும் செய்கிறது.

வெயிலும் காலமும்

நிறுத்திவைத்த காரின் வெப்பநிலையை அரிசோனாவில் அளந்து 2018ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு ஒன்று, கோடை வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற கார்களின் டேஷ்போர்டு சராசரியாக 69 டிகிரி செல்சியஸ் வரை சூடாவதைக் காட்டியது. வெப்பநிலை 10 டிகிரி உயரும்தோறும் வேதிவினையின் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும் என்ற வேதியியலாளர்களின் தோராய விதியைப் பொருத்திப் பார்த்தால், 29 டிகிரி நிழலில் நிற்கும் காரைவிட அந்த வெயிலில் நிற்கும் காரின் தோல் ஏறத்தாழ 16 மடங்கு விரைவாக மூப்படைகிறது. 240-இசட்டின் சாய்ந்த முன்கண்ணாடி டேஷ்போர்டின் மேற்புறத்தை முழுவதுமாக வெயிலுக்குத் திறந்துவைப்பதால், இந்தக் கணக்கு அக்காருக்கு மிகவும் பொருந்தும்.

வெப்பத்தோடு ஒளியும் சேர்ந்துகொள்கிறது. புறஊதாக் கதிரின் குறுகிய அலைகளைக் கண்ணாடி தடுத்துவிட்டாலும், நீண்ட அலைகளில் ஒரு பகுதி உள்ளே நுழைந்து பிவிசிச் சங்கிலியைத் தாக்குகிறது. அப்போது சங்கிலியிலிருந்து ஒரு ஹைட்ரஜனும் ஒரு குளோரினும் சேர்ந்து ஹைட்ரஜன் குளோரைடாகப் பிரிந்துபோக, அவ்விடத்தில் கார்பன் அணுக்களுக்கிடையே இரட்டைப் பிணைப்பு உண்டாகிறது. வெளியேறிய அமிலமே மேலும் பிரிவைத் தூண்டுவதால் இது தன்னைத்தானே விரைவுபடுத்திக்கொள்ளும் வினையாகிறது. இரட்டைப் பிணைப்புகள் வரிசையாகப் பெருகும்போது நிறம் மாறி, சங்கிலிகள் குறுக்கே பிணைந்து, தோல் மேலும் நொறுங்கும் தன்மையடைகிறது. இதைத் தடுக்க ஆலையில் நிலைப்படுத்திகள் சேர்க்கப்படுகின்றன; அவை அமிலத்தை உறிஞ்சித் தாமே செலவாகித் தீர்ந்தபின் காவல் நீங்கிவிடுகிறது.

அடியிலுள்ள நுரையும் அமைதியாக இருப்பதில்லை. ஜெர்மனியின் லெவர்குசன் நகரில் ஓட்டோ பேயரும் அவருடன் பணியாற்றியோரும் 1937ஆம் ஆண்டில் உருவாக்கிய பாலியூரித்தேன் வேதியியலின்படி, ஐசோசயனேட் என்னும் வினைத்திறன் மிக்க சேர்மமும் பாலியால் என்னும் பல கைகள் கொண்ட ஆல்கஹாலும் கலந்து சங்கிலிவலை உருவாகிறது. சிறிதளவு நீர் சேர்க்கப்பட்டால் அது ஐசோசயனேட்டோடு வினைபுரிந்து கார்பன் டைஆக்சைடை வெளிவிட, அந்த வாயுவே கலவையைப் பொங்கச் செய்து நுரையாக்குகிறது. இவ்வினையை விரைவுபடுத்தச் சேர்க்கப்படும் அமீன் வகை வினையூக்கிகளின் எச்சம், காலப்போக்கில் மேலுள்ள வினைலுக்குள் ஊடுருவி அங்கே ஹைட்ரஜன் குளோரைடு பிரிவதைத் தூண்டுகிறது. தோல் தன் நெகிழ்வூட்டியை நுரைக்கு இழக்க, நுரை தன் அமீனைத் தோலுக்கு அனுப்புகிறது. ஒட்டிக் கிடக்கும் இவ்விரு அடுக்குகளும் ஒன்றையொன்று முதுமையாக்குகின்றன. விரிசல் விழுந்தபின் காற்றும் ஒளியும் நேரே நுரையை அடைந்து ஆக்சிஜனேற்றம் செய்வதால், விரிசலின் அடியில் நுரை பழுப்பேறி விரலால் தொட்டாலே பொடியாக உதிர்கிறது.

விரிசல் பிறக்கும் இடம்

சுருங்கும் தோலைக் கீழிருந்து நுரையும் சட்டமும் பிடித்துக்கொள்வதால், அது சுருங்க முடியாத அளவுக்குத் தன்னுள் இழுவிசையைச் சேர்த்துக்கொள்கிறது. வெப்ப விரிவு இதைப் பெருக்குகிறது. 1.3 மீட்டர் நீளமுள்ள எஃகுச் சட்டம் 50 டிகிரி வெப்ப மாற்றத்துக்கு 1 மில்லிமீட்டரை எட்டாமல் விரிய, அதே நீளமுள்ள வினைல், குறைத்து மதிப்பிட்டாலும் ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் விரிய முயல்கிறது. பகலில் விரிந்தும் இரவில் சுருங்கியும் ஆண்டுக்கணக்கில் நடக்கும் இந்த இழுபறியை நெகிழ்வான தோல் தாங்கிக்கொள்ளும். விறைத்த தோல் தாங்காது.

ஓர் அலகு பரப்பில் செயல்படும் உள்விசையைப் பொறியியலாளர்கள் தகைவு என்பர். பிரிட்டிஷ் பொறியியலாளர் சார்லஸ் இங்லிஸ் 1913ஆம் ஆண்டில் நிறுவியபடி, ஒரு தகட்டிலுள்ள துளையின் முனை எவ்வளவு கூர்மையாக இருக்கிறதோ அவ்வளவுக்குத் தகைவு அம்முனையில் குவிகிறது. 240-இசட்டில் விரிசல்கள் மீட்டர் குழல்களின் மேல்விளிம்புகளிலும் அவற்றுக்கு இடைப்பட்ட குறுகிய பகுதிகளிலும் தொடங்குவதற்கு இதுவே விளக்கம்: வளைவும் திறப்பும் சந்திக்கும் அவ்விடங்களில் தகைவு பன்மடங்காகிறது. விரிசல் பிறந்தபின் அதன் முனையே மிகக் கூரிய துளையாகி, தன்னை மேலும் நீட்டிக்கொள்கிறது. 40 மில்லிமீட்டர் நீளமும் 0.02 மில்லிமீட்டர் முனை ஆரமும் உள்ள விரிசலுக்கு இங்லிஸின் சூத்திரம் ஏறத்தாழ 64 மடங்கு தகைவுக் குவிப்பைத் தருகிறது. அம்முனையில் 3 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத் துளையிட்டால் அது 8 மடங்குக்கு இறங்குகிறது. அனுபவமுள்ள பழுதுபார்ப்பவர் எந்தப் பட்டியும் வைப்பதற்கு முன் விரிசலின் இரு முனைகளிலும் சிறு துளையிடுவது இந்தக் கணிதத்தின் கைவடிவமே.

விரிசலைச் சீராக்கும் முறை

டேஷ்போர்டைக் காரிலிருந்து முழுமையாகக் கழற்றிய பிறகே வேலை தொடங்க வேண்டும். பேட்டரி இணைப்பைத் துண்டித்து, ஸ்டீயரிங்கையும் மீட்டர்களையும் காற்றுக்குழாய்களையும் வரிசை குறித்து எடுத்து, வயரிங்கின் ஒவ்வோர் இணைப்புக்கும் அடையாளச் சீட்டு கட்டி, பிறகு சட்டத்தின் போல்ட்டுகளைத் தளர்த்துவது வழக்கம். கழற்றும்போது விறைத்த தோலை வளைக்காமல் சட்டத்தையே பிடித்துத் தூக்க வேண்டும்; இல்லாவிட்டால் பழைய விரிசலைச் சீராக்க வந்த இடத்தில் புது விரிசல் உண்டாகும்.

அடுத்தது தூய்மையாக்கம். பல ஆண்டுகளாகப் பளபளப்புக்குத் தடவப்பட்ட சிலிக்கோன் எண்ணெய், வினைலின் சங்கிலிகளுக்கு இடையே கரைந்து புகுவதில்லை. ஆகவே இழந்த நெகிழ்வை அது மீட்டுத் தராமல், மேற்பரப்பில் தங்கி, பின்னர் பூசும் எதையும் ஒட்டவிடாமல் செய்கிறது. நெகிழ்வூட்டியையே மேலே தடவினாலும் அது தோலின் முழு ஆழத்துக்கும் சீராகச் சென்று சேர்வதில்லை, பிசுபிசுப்பே மிஞ்சுகிறது. போன நெகிழ்வூட்டியை வெளியிலிருந்து திருப்பித் தரும் நடைமுறை வழி இல்லாததால், மிஞ்சியிருக்கும் தோல் எவ்வளவு நெகிழ்வோடு இருக்கிறது என்று மதிப்பிடுவதே முதல் முடிவாகிறது. விரிசலிலிருந்து தள்ளிய இடங்களிலும் தோல் அழுத்தினால் குழியாமல் ஓடுபோல் ஒலித்தால், ஒரு விரிசலைச் சீராக்கியபின் அடுத்தது வேறிடத்தில் பிறக்கும். பிற இடங்கள் இன்னும் நெகிழ்வாக இருந்தால், பகுதிப் பழுதுபார்ப்பு பொருளுள்ளதாகும்.

அத்தகைய பகுதிப் பழுதுபார்ப்பில், மேல்நோக்கிச் சுருண்ட விளிம்புகளை வெட்டி நீக்கி, பொடிந்த நுரையை உறுதியான நுரை தென்படும்வரை சுரண்டியெடுக்க வேண்டும். சுருக்கத்தால் விலகிய இரு விளிம்புகளை இழுத்துச் சேர்க்க முயல்வது, விரிசலைப் பிறப்பித்த அதே இழுவிசையை மீண்டும் உள்ளே பூட்டுவதாகும். இடைவெளியை இடைவெளியாக ஏற்று நிரப்புவதே முறை. பிறகு விளிம்புகளைச் சரிவாகத் தேய்க்க வேண்டும்: 1 மில்லிமீட்டர் தடிமனுள்ள தோலை 10 மில்லிமீட்டர் அகலத்துக்குச் சரித்தால், செங்குத்து விளிம்பில் கிடைப்பதைவிடப் பத்து மடங்கு ஒட்டும் பரப்பு கிடைக்கிறது. குழியை, சுற்றியுள்ள நுரையின் அடர்த்திக்கு நெருங்கிய இரண்டு கூறு பாலியூரித்தேன் நுரையால் நிரப்பி, அது முழுமையாக இறுகியபின் தோல்மட்டத்துக்குச் சற்றுக் கீழே சீவ வேண்டும்.

அதன்மேல் வைக்கும் பட்டி எதுவென்பதில் பலர் தவறுகிறார்கள். உடற்கூட்டு வேலைக்குப் பயன்படும் பாலியெஸ்டர் பட்டி இறுகியபின் வினைலைவிடப் பலமடங்கு விறைப்பானது. வெயிலில் சுற்றியுள்ள தோல் விரியும்போது இது நகர மறுப்பதால், இரண்டும் சந்திக்கும் கோட்டில் தகைவு குவிந்து, பட்டியின் உருவத்தை வரைந்ததுபோல் அதைச் சுற்றிலும் புது விரிசல் ஓடுகிறது. வளைந்து கொடுக்கும் இரண்டு கூறு யூரித்தேன் அல்லது எப்பாக்சி பட்டியை மெல்லிய படலங்களாக வைத்து, 80ஆம் எண் உப்புத்தாளில் தொடங்கி 180, 320 என்று நயப்படுத்திச் செல்வதே தகுந்தது. தேய்த்த இடத்தில் அழிந்துபோகும் தோல்வரிகளை மீட்க, காரின் மறைவான பகுதியிலுள்ள அசல் வரியிலிருந்து சிலிக்கோன் ரப்பரில் அச்செடுத்து, முழுவதும் இறுகாத மேற்படலத்தில் அதை அழுத்தலாம். இறுதியாகப் பூசும் வினைல் வண்ணம் மங்கல் பூச்சாகவே இருக்க வேண்டும். பளபளக்கும் டேஷ்போர்டு சாய்ந்த முன்கண்ணாடியில் தன் பிம்பத்தை வீழ்த்தி, சாலையை மறைக்கும் ஒளித்திரையை உண்டாக்கும்.

இவ்வேலையில் உடல்நலம் பற்றிய எச்சரிக்கை இன்றியமையாதது. ஐசோசயனேட் ஆவி மூச்சுக்குழலை ஒருமுறை உணர்ச்சியேற்றிவிட்டால், பின்னர் மிகச் சிறிய அளவுகூட ஆஸ்துமாவைத் தூண்டக்கூடும். பிவிசியை அளவுக்கு மீறிச் சூடாக்கினால் ஹைட்ரஜன் குளோரைடு வெளியேறும். காற்றோட்டமுள்ள இடம், பொருத்தமான வடிகட்டி பொருத்திய முகக்கவசம், கையுறை ஆகியவை இல்லாமல் நுரையை ஊற்றவோ தேய்க்கவோ கூடாது.

முழுத்தோல் மாற்றமும் மேலொட்டும்

தோல் முழுவதும் விறைத்துவிட்ட நிலையில், அதை அகற்றிப் புதுத் தோல் போர்த்துவதே முறையான தீர்வு. வெற்றிட வார்ப்பு எனப்படும் இம்முறையில், பழைய தோலை உரித்து, நுரையை அசல் வடிவத்துக்குச் செதுக்கிச் சீராக்கி, வரி பதித்த வினைல் தாளைத் தளரும்வரை சூடாக்கி அதன்மேல் இறக்கி, அடியிலிருந்து காற்றை உறிஞ்சுகிறார்கள்; வளிமண்டல அழுத்தமே தாளை ஒவ்வொரு வளைவின்மேலும் அழுத்தி ஒட்டுகிறது. புதுத் தாளின் தடிமன் அளவுக்கு நுரையைக் குறைத்துச் செதுக்காவிட்டால், மீட்டர்கள் தம் குழல்களில் அமராது. முன்கண்ணாடிக்குச் சூடான காற்று அனுப்பும் வாய்களும் இடம் மாறும்.

இம்முறையின் எல்லையை வடிவியலே விதிக்கிறது. தாளின் ஒரு பகுதி இரு மடங்கு பரப்புக்கு நீட்டப்பட்டால் அங்கே அதன் தடிமன் பாதியாகிறது. வரிகளும் இழுபட்டு மங்குகின்றன. 240-இசட்டின் ஆழமான மீட்டர் குழல்கள் இத்தகைய நீட்சியைக் கடுமையாகக் கோருவதால், முன்பு விரிசல் விழுந்த அதே விளிம்புகளில் புதுத் தோல் மிக மெல்லியதாக அமையக்கூடும். தாளைச் சீராகச் சூடாக்குவதிலும் நீட்சியைப் பரவலாக்குவதிலும் உள்ள திறமையே இத்தொழிலில் நல்ல வேலையை மற்றதிலிருந்து பிரிக்கிறது. ஒட்டும் பசையும் சிந்தித்துத் தேர வேண்டியது. நிழலில் உறுதியாகப் பிடிக்கும் சாதாரணப் பசை, 70 டிகிரியை நெருங்கும் டேஷ்போர்டில் இளகித் தோலைக் குழிவிடங்களிலிருந்து விடுவித்துவிடும்.

மூன்றாவதாக, கடினமான பிளாஸ்டிக்கில் முன்கூட்டியே வார்த்த ஓடு ஒன்றைப் பழைய தோலின்மேல் அப்படியே ஒட்டும் எளிய வழியும் உண்டு. செலவு குறைவு, நேரமும் குறைவு. ஆனால் விரிசலுக்கு அடியில் நுரை தொடர்ந்து பொடியாவதை அது நிறுத்துவதில்லை. மோதும் தலைக்கும் நுரைக்கும் இடையே ஒரு விறைத்த அடுக்கைச் சேர்க்கிறது. பின்னாளில் உரிக்க முனைந்தால் மிஞ்சிய அசல் தோலையும் சேர்த்தே பிய்த்தெடுக்கிறது. வரலாற்று வாகனங்களின் உலகக் கூட்டமைப்பான ஃபிவா ஏற்றுக்கொண்ட டூரின் சாசனம், அசல் பொருளை இயன்றவரை காப்பதையும், செய்த மாற்றங்களை ஆவணப்படுத்துவதையும் வலியுறுத்துகிறது. அந்த அளவுகோலில் இந்த மேலொட்டு மிகக் கீழே நிற்கிறது.

அருங்காட்சியகப் பாதுகாப்பாளர்கள் பிவிசியையும் பாலியூரித்தேன் நுரையையும் தங்கள் சேகரிப்புகளில் மிகுந்த தொல்லை தரும் பிளாஸ்டிக்குகளின் வரிசையில் வைக்கிறார்கள். 240-இசட்டின் டேஷ்போர்டில் இவ்விரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டப்பட்டு வெயிலில் வைக்கப்பட்டிருக்கின்றன. எனவே அசலைக் காக்கவேண்டும் என்ற கோட்பாடும், தலையைக் காக்கும் கருவி வேலை செய்யவேண்டும் என்ற தேவையும் இங்கே மோதுகின்றன. காட்சிக்கு மட்டும் நிற்கும் காரில் விரிசலோடு கூடிய அசல் தோலைத் தூசு நீக்கி, குளிர்ந்த இருளில் வைத்துக் காப்பதே அறிவார்ந்த தேர்வு. சாலையில் ஓடும் காரிலோ, பொடியாகிப்போன நுரை எவ்வளவு அசலாக இருந்தாலும் அதன் பணியைச் செய்ய இயலாதாகையால், உரிய அடர்த்தியுள்ள புது நுரைக்கு அது வழிவிட வேண்டும். நீக்கிய தோலின் ஒரு துண்டையும், அசல் வடிவத்தின் அளவுகளையும், பயன்படுத்திய பொருள்களின் பெயர்களையும் காரோடு சேர்த்து வைத்தால், அடுத்த தலைமுறைப் பழுதுபார்ப்பவர் ஊகிக்க வேண்டியதில்லை.

புதிதாகப் போர்த்திய தோலும் பொருத்தப்பட்ட நாளிலிருந்தே தன் நெகிழ்வூட்டியை இழக்கத் தொடங்குகிறது என்பதால், பழுதுபார்ப்பு பட்டறையில் முடிவதில்லை. கண்ணாடிக்கு உட்புறம் ஒளி எதிரொளிக்கும் மறைப்பு வைப்பதும், நிழலில் நிறுத்துவதும், கண்ணாடியைச் சற்றே இறக்கிக் காற்றோட்டம் தருவதும் டேஷ்போர்டின் வெப்பநிலையை 20 டிகிரி குறைத்தால், மேற்சொன்ன தோராய விதியின்படி அந்நேரங்களில் மூப்பின் வேகம் நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது. மிகத் திறமையான கைவினைஞர் தரும் ஆண்டுகளைவிட அதிகமான ஆண்டுகளை, கார் நிற்கும் இடத்தைப் பற்றிய இந்தச் சிறு அக்கறை தரவல்லது.